விலக்கு வகைக் கார்

எங்கள் அம்மா டெனீஸ் ஸ்டாதர்ஸ் தன் ஐம்பத்திரண்டாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, தபால் நிலையக் கவுண்டரில் நின்றபடியே மாற்றுத்திறனாளி ஆனாள். விழவில்லை, வழுக்கவில்லை, எந்த வண்டியும் மோதவில்லை. ஒரு பழைய கார் வாங்கியிருந்தாள், அவ்வளவுதான்.

கார் வாங்கியது வேலைக்காக. இங்கிலாந்தின் ஹல் நகரத்துக் கேரவன் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருடம் ஜன்னல் திரை தைத்தவளை ஆகஸ்டில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு வீடாகப் போய் முடியாதவர்களைக் குளிப்பாட்டி, உடை மாட்டி, மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலை ஒன்று கிடைத்தது. ஒரு காலைக்குப் பதினொரு வீடு. முதல் வீடு ஆறரை மணிக்கு, ஊரைத் தாண்டி வயலுக்கு நடுவே. அந்தப் பக்கம் முதல் பஸ்ஸே எட்டு மணிக்குத்தான். நிறுவனத்தின் மேலாளர் ட்ரேசி தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "வண்டி இருந்தா நவம்பர் மூணு, திங்கட்கிழமை வந்து சேந்துக்கங்க டெனீஸ். இல்லன்னா பட்டியல்ல அடுத்த ஆள் இருக்காங்க. என்னத் தப்பா நெனைக்காதீங்க."

ஹெஸ்ஸல் ரோட்டில் பழைய கார் விற்கும் கிரெய்க் என்னோடு பள்ளியில் படித்தவன். சாம்பல் நிறத்தில் சின்னக் கார் ஒன்றைக் காட்டி, கல்யாணப் பெண்ணை அறிமுகப்படுத்துவதுபோல அதன் கூரையைத் தடவினான்.

"மூணு வருஷம், ஒரே ஆள், ஒம்பதாயிரம் மைல். நடமாட்ட நலத் திட்டத்துக் கார். இதவிட நல்ல வண்டி ஊர்ல கெடையாது."

நடமாட்ட நலத் திட்டத்தைப் பற்றி இரண்டு வரி. நடக்கச் சிரமப்படுகிறவர்கள் அரசு தரும் மாத உதவித்தொகையை விட்டுக்கொடுத்தால், திட்டம் அவர்களுக்கு ஒரு புதுக் காரைக் குத்தகைக்குத் தரும். மூன்று வருடம் முடிந்ததும், அல்லது நீங்கள் நடக்கக்கூடியவர்தான் என்று அலுவலகம் முடிவு செய்ததும், இரண்டில் எது முதலில் வருகிறதோ அன்றைக்கு, காரைத் திரும்ப வாங்கிச் சந்தையில் விற்றுவிடும்.

"சர்வீஸ் ஒரு நாள் தப்பியிருக்காது" என்றான் கிரெய்க். "ஓட்டினவரு எங்க போயிருக்கப் போறாரு? ஆஸ்பத்திரி, சூப்பர் மார்க்கெட், மறுபடியும் ஆஸ்பத்திரி."

"பாவம்டா" என்றாள் அம்மா.

"பாவந்தான். ஆட்டோமேட்டிக் வேற."

அம்மா வாங்கினாள்.

அடுத்த நாள் சாலை வரி கட்டத் தபால் நிலையம் போனோம். எங்கள் பேட்டைத் தபால் நிலையம் ஒரு மளிகைக் கடையின் பின்பக்கம் இருக்கிறது. கவுண்டரில் பாம். அம்மாவும் அவளும் ஒரே தெரு.

பாம் கணினியைப் பார்த்தாள். "இது விலக்கு வகைக் கார் டெனீஸ். திட்டத்துக் காருக்கு வரி கெடையாது."

"இப்ப அது திட்டத்துக் கார் இல்ல, என் கார். வரி எவ்வளவுன்னு சொல்லு, கட்டிட்டுப் போறேன்."

"கட்டணும்னா வகைய மாத்தணும். வகைய மாத்தணும்னா பதிவுப் புத்தகம் முழுசா வேணும். உன்கிட்ட இருக்கறது கிழிச்சுக் குடுத்த கீழ்ச்சீட்டு."

"புத்தகம் எப்ப வரும்?"

"ஆறு வாரம்."

"அதுவரைக்கும் வரி இல்லாம ஓட்டலாமா?"

"ஓட்டினா பிடிப்பாங்க. ஆனா அதே வகையிலயே புதுப்பிச்சுக்கறதுன்னா கீழ்ச்சீட்டு போதும். ஒரு பட்டன்தான்."

அம்மா யோசித்திருக்க வேண்டும். யோசித்திருப்பாள். ஆனால் எங்களுக்குப் பின்னால் வரிசையில் ஏழு பேர் நின்றார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் ஊரில் வரிசையில் நிற்பவர்கள் பேச மாட்டார்கள். ஐந்தாவதாக நின்ற, தலைக்கு ஸ்கார்ஃப் கட்டிய பெண்மணி மட்டும் மூக்கு வழியாக மூச்சை விட்டாள். லேசாகத்தான். அம்மாவின் கழுத்து சிவந்துவிட்டது. இந்த ஊரில் கடன் வைத்தவர்கள் தலை நிமிர்ந்து நடப்பார்கள். வரிசையைத் தாமதப்படுத்தியவர்கள் வேறு கடைக்கு மாறிவிடுவார்கள்.

"சரி, பட்டனை அமுக்கு" என்றாள் அம்மா. திரும்பி ஏழு பேரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டாள்.

பத்து நாள் கழித்து ஜன்னல் வைத்த பழுப்பு உறை வந்தது. எங்கள் குடும்பத்தில் அந்த மாதிரி உறை யாருக்கு வந்தாலும் என்னிடம்தான் வரும். பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். மூன்று வருடம் சமூகவியல் படித்ததன் பலன், மாமாக்களின் குப்பைத் தொட்டி அபராதத்துக்குப் பதில் எழுதுவது.

"அன்புள்ள திருமதி ஸ்டாதர்ஸ்," என்று படித்தேன். "தாங்கள் விலக்கு வகை வாகனத்தின் உரிமையாளராகப் பதிவாகியுள்ளீர்கள். விலக்கு வகை வாகனத்தை மாற்றுத்திறனாளி மட்டுமே வைத்திருக்க முடியும். எனவே தாங்கள் மாற்றுத்திறனாளி. தங்களை வரவேற்கிறோம்."

அம்மா டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். "இன்னொரு தடவ படி."

படித்தேன். இன்னொரு தடவையும் அப்படியேதான் இருந்தது.

உதவி எண்ணுக்கு ஃபோன் செய்தோம். ஐம்பது நிமிட இசைக்குப் பிறகு ஜூலியன் என்ற இளைஞர் வந்தார். குரலில் அவ்வளவு கனிவு.

"நான் நல்லா இருக்கேன்" என்றாள் அம்மா. "அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"ரொம்பச் சந்தோஷம் டெனீஸ். ஆனா அதப் பதிவு பண்ண எங்ககிட்ட கட்டம் இல்ல. நல்லா இருக்கறவங்க எங்களக் கூப்பிடறதில்ல."

"அப்ப வெளிய வர்றது எப்படி?"

"வெளிய போகணும்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல டெனீஸ். உள்ள வர்றதுக்குத்தான் கேப்பாங்க. அவங்களத் தடுக்கறதுக்கு நூத்தி முப்பது பேர் இருக்கோம். வெளிய அனுப்பறதுக்குத் தனியா ஆள் போடல. அப்படி ஒரு தேவை வரும்னு திட்டம் போட்டவங்க நெனைக்கல."

"இப்ப வந்திருக்கு."

"புரியுது. மதிப்பீட்டுக்கு ஒரு நாள் குறிச்சுத் தர்றேன். அங்க உங்க தகுதியின்மைய நீங்க நிரூபிச்சிட்டா முடிஞ்சது. சாதாரணமா பத்துல ஏழு பேர் அதுல ஜெயிச்சுடறாங்க, அவங்களுக்கு விருப்பமே இல்லாட்டியும்."

அம்மாவுக்கு அது நம்பிக்கையாக இருந்தது.

மதிப்பீட்டு மையம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. கீழே ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள்: படியேற இயலாதவர்கள் மூன்றாம் மாடி வரவேற்பில் தெரிவிக்கவும். அம்மா இரண்டிரண்டு படியாக ஏறினாள். யாராவது பார்க்க வேண்டும் என்பதற்காக. மேலே மூச்சு வாங்க நின்றவளை மதிப்பீட்டாளர் பிலிப்பா புன்னகையோடு உள்ளே அழைத்தார். நாற்காலியின் ஒரு கால் குட்டை. ஜன்னலைத் திறக்க முடியவில்லை.

"எப்படி இருக்கீங்க டெனீஸ்?"

எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. "குறை சொல்றதுக்கில்ல." குழந்தை பிறந்தாலும் அதுதான், வீட்டுக் கூரை பறந்தாலும் அதுதான். என் தாத்தா இறப்பதற்கு முந்தின மாலை டாக்டரிடம் அதைத்தான் சொன்னார். வேறு எந்த நாளாக இருந்தாலும் அம்மாவும் அதையே சொல்லியிருப்பாள். அன்றைக்கு அவள் மூன்று மாடி ஏறியிருந்தாள்.

"எப்படி இருப்பேன்? உங்க லிஃப்ட் ஓடல. நாற்காலி ஆடுது. மூணு வாரமா தூக்கம் இல்ல. கார் வாங்கினது ஒரு குத்தமா? முழங்கால் இப்பத்தான் வலிக்குது, அதுவும் உங்க படியாலதான்."

பிலிப்பா தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். அம்மா நாற்பது நிமிடம் பேசினாள். தொழிற்சாலை, தபால் நிலையம், ஐம்பது நிமிட இசை, எதையும் விடவில்லை. இடையில் எழுந்து அறைக்குள் நான்கு சுற்று நடந்தும் காட்டினாள். குனிந்து கால் கட்டை விரலைத் தொட்டாள்.

"அதெல்லாம் வேண்டாம் டெனீஸ், உக்காருங்க" என்றார் பிலிப்பா. "நாங்க பாக்கறத எழுதறதில்ல."

நான் கேட்டேன், "பாக்கறத எழுதாம வேற எத எழுதறீங்க?"

"அவங்க சொல்றத. பயிற்சியில முதல் நாளே சொல்லிக் குடுத்துட்டாங்க. கண்ணு பாரபட்சம் பாக்கும், காது பாக்காது. முன்ன எல்லாம் டாக்டருங்க வந்து மதிப்பீடு பண்ணினாங்க. ஒருத்தரப் பாத்ததும் அவங்களுக்கு உடம்பப் பத்தி ஏதாவது தெரிஞ்சுபோயிடும். அதனால முடிவு ஆளுக்கு ஆள் மாறுச்சு. இப்ப எங்க யாருக்கும் எதுவும் தெரியாது. முடிவு எல்லாம் ஒரே சீரா இருக்கு." அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். அதற்கு முன்னால் அவர் கைபேசிக் கடையில் வேலை பார்த்தவர். நல்ல பெண்.

முடிவு ஒன்பது நாளில் வந்தது. தேறப் பன்னிரண்டு புள்ளி போதும். அம்மா முப்பத்தொன்று வாங்கியிருந்தாள். பள்ளிக்கூடத்தில்கூட அம்மா எதிலும் இப்படி வாங்கியதில்லை. "விண்ணப்பதாரர் இருபது மீட்டர் நடப்பது கடினம்" என்று போட்டிருந்தது. புதுக் காருக்கான நிறப் பட்டியல் இணைக்கப்பட்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து ட்ரேசி ஃபோன் செய்தாள். காப்பீட்டுக்காக அம்மாவின் விவரத்தைச் சரிபார்த்திருக்கிறார்கள்.

"டெனீஸ், இருபது மீட்டர் நடக்க முடியாதுன்னு இருக்கு இங்க."

"முடியும் ட்ரேசி. நேத்து உங்க ஆபீஸுக்கு நடந்துதான வந்தேன்?"

"நான் பாத்தேன். ஆனா கம்ப்யூட்டர்ல அப்படி இருக்கே. நீங்க யாரையாவது தூக்கிக் கீழ போட்டுட்டா என் வேலை போயிடும். மூணாந்தேதிக்குள்ள இதச் சரி பண்ணிட்டு வாங்க. உங்களுக்காக அதுவரைக்கும்தான் வெச்சிருக்க முடியும்."

மேல்முறையீட்டு வாரியத்தில் ஒரு காலி நேரம் கிடைத்தது. அக்டோபர் முப்பது, வியாழக்கிழமை. வேலை தொடங்க நான்கு நாள் முன்னால்.

காத்திருப்பு அறையில் எங்களுக்கு எதிரே, இரண்டு கைத்தடிகளை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு, அறுபது வயது மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை, டை. ஜன்னல் வழியாகக் கார் நிறுத்துமிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சாம்பல் கலர் உங்க வண்டியாம்மா?"

"ஆமா."

"பின்சீட்டுல இடது பக்க பெல்ட்டு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ரெண்டு தடவ இழுத்தா வந்துடும்."

அம்மா அவரையே பார்த்தாள். அவர் சங்கடத்தோடு சிரித்தார். "கோலின் ஓம்ளர். மூணு வருஷம் நான்தான் வெச்சிருந்தேன். நல்லா வெச்சிருக்கீங்க. கழுவியிருக்கீங்க."

மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்தவர். பதினொரு வருடம் முன்னால் உறைந்த மீன் அடுக்கு சரிந்து இடது இடுப்பு நொறுங்கிவிட்டது. இடது கால் சொன்ன பேச்சைக் கேட்காது. ஆட்டோமேட்டிக் காருக்கு இடது கால் தேவையில்லை என்பதால், காருக்குள் மட்டும் அவர் முழு மனிதர். ஏப்ரல் மாதம் மறு மதிப்பீட்டுக்குக் கூப்பிட்டார்கள்.

"என்ன கேட்டாங்க?" என்றாள் அம்மா.

"எங்க கேட்டாங்க? உள்ள போனேன். எப்படி இருக்கீங்க கோலின்னாங்க அந்தப் பொண்ணு. குறை சொல்றதுக்கில்லன்னேன். ஒரு பட்டனை அமுக்கினாங்க. நன்றின்னாங்க. நாலு நிமிஷம். மேல ஏறத்தான் முக்கா மணி ஆச்சு."

"உக்காந்து உக்காந்து ஏறினீங்களா?"

"பின்னாலயே நகந்து ஏறினேன். ஒரு பையன் தடியத் தூக்கிட்டு வந்தான். நல்ல பையன்." அவர் அதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னார். காத்திருந்த இரண்டு மணி நேரமும் அவர் சொன்னதெல்லாம் வேடிக்கைதான். சமையலறைக்கும் கழிவறைக்கும் நடுவே நாற்காலி போட்டு வைத்து, பாதி வழியில் உட்கார்ந்து ரேடியோ கேட்பது. ஜூன் மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்ப டாக்ஸி வராமல் பஸ் நிறுத்தத்தில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தது. மனைவியின் கல்லறைக்குப் போகாததால் அவள் கோபமாக இருப்பாள் என்றது. எங்கள் தெருவையும் அம்மாவின் ஆறரை மணி வேலையையும் விசாரித்துக்கொண்டே ஃபிளாஸ்க்கிலிருந்து எங்களுக்கும் டீ ஊற்றிக் கொடுத்தார்.

அம்மா அந்த டீயைக் குடிக்கவில்லை. "கோலின், இத எல்லாம் அப்படியே உள்ள சொல்லணும்."

"அது குறை சொல்ற மாதிரி ஆயிடுமேம்மா."

"குறைதான் சொல்லணும். நான் சொன்னேன். முப்பத்தொரு புள்ளி குடுத்தாங்க. ரெண்டாவது மாடிக்கு ஓடிக் காட்டினா நாப்பது குடுப்பாங்க."

"எனக்குப் பழக்கம் இல்ல."

"பழகுங்க. நான் கேக்கறேன். எப்படி இருக்கீங்க கோலின்?"

அவர் தொண்டையைச் செருமினார். கண்ணை மூடிக்கொண்டார். "இன்னிக்குக் காத்து கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

"இடுப்பு?"

"இருக்கு."

"வலிக்குதான்னு கேட்டேன்."

"அதுக்கும் வயசாகுதில்லையா, அதத் தப்பு சொல்ல முடியாது."

இதற்குள் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். துணைக்கு நானும் போனேன்.

தலைவர் திரு. லாங்ஸ்டாஃப் மேசைக்கு நடுவே இருந்தார். இரு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள், தண்ணீர் ஜாடி, ஒரு முத்திரை.

"திருமதி ஸ்டாதர்ஸ்," என்று ஆரம்பித்தார், "இந்த வாரியத்தின் இருபது ஆண்டு வரலாற்றில், தனக்குக் கொடுத்தது அதிகம் என்று முறையிட்ட முதல் குடிமகள் நீங்கள். உண்மையைச் சொன்னால் எங்களுக்கு இது ஆறுதலாக இருக்கிறது. வழக்கமாக இங்கே வருகிறவர்கள் எங்கள் அலுவலகம் தவறு செய்துவிட்டது என்பார்கள். பத்தில் ஏழு தடவை அது சரியாகவும் இருந்துவிடுகிறது. அது ஊழியர்களின் மனதை எவ்வளவு பாதிக்கிறது என்று யாரும் மதிப்பீடு செய்வதில்லை. போகட்டும். எப்படி இருக்கிறீர்கள்?"

"குறை சொல்றதுக்கில்ல" என்றாள் அம்மா.

"நடப்பதில்?"

"குறை சொல்றதுக்கில்ல."

"லிஃப்ட்? நாற்காலி? ஜன்னல்? முன்பு இவை குறித்து விரிவாகப் பேசியிருக்கிறீர்கள்."

அம்மா கைப்பையின் வாரை இரண்டு கையாலும் முறுக்கினாள். "எல்லாம் நல்ல லிஃப்ட்டு" என்றாள்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூஜ்யம் புள்ளி. திரு. லாங்ஸ்டாஃப் 'நடக்கத் தகுதியானவர்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். முத்திரை மட்டும் காலை வழக்குகள் எல்லாம் முடிந்தபின் மொத்தமாகக் குத்துவார்களாம். தனித்தனியாகக் குத்தினால் மை அதிகம் ஆகிறதென்று சுற்றறிக்கை.

வெளியே வந்து உட்கார்ந்தோம். காலையின் கடைசி வழக்காகக் கோலினைக் கூப்பிட்டார்கள். வாசலிலிருந்து மேசைக்குப் பன்னிரண்டு அடி தூரம். அவர் போய்ச் சேரும்வரை கதவைச் சாத்தாமல் வைத்திருந்தார்கள். பிறகு சாத்த மறந்துவிட்டார்கள்.

"எப்படி இருக்கிறீர்கள் திரு. ஓம்ளர்?"

அம்மா என் கையைப் பிடித்தாள். உள்ளே கைத்தடி ஒன்று தரையில் உரசியது. அவர் முயல்கிறார் என்று தெரிந்தது.

"குறை" என்றார் கோலின். பிறகு, பாவம், பழக்கம். "சொல்றதுக்கில்ல சார்."

பேனா கீறும் சத்தம் கேட்டது.

அம்மா எழுந்தாள்.

"அம்மா, முத்திரை இன்னும் குத்தல" என்றேன். "நீ போய்க் கத்தினா உன் காகிதமும் போச்சு. வேலையும் போச்சு."

"தெரியும்டி. பையப் பிடி."

உள்ளே போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

"துணைக்கு வந்தவங்க பேசலாம்ல?" என்று கேட்டாள்.

திரு. லாங்ஸ்டாஃப் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "முறையீட்டாளர் சம்மதித்தால்."

"உங்களுக்குத் தொந்தரவு இல்லன்னா" என்றார் கோலின், வாரியத்தைப் பார்த்து.

அம்மா பேசினாள். கத்தவில்லை. கழிவறைக்குப் போகும் வழியில் போட்ட நாற்காலியைச் சொன்னாள். மூன்று மாடி பின்னாலேயே நகர்ந்து ஏறியதைச் சொன்னாள். பஸ் நிறுத்தத்தில் இருட்டியதைச் சொன்னாள். "பொண்டாட்டி சமாதிய ஏப்ரலுக்கப்பறம் பாக்கல" என்றாள்.

"மார்ச்சு" என்றார் கோலின் மெதுவாக. "மார்ச்சுக்கப்பறம். ஏப்ரல்ல மதிப்பீடு இருந்துச்சு." அப்புறம், யாரும் கேட்காமலே, "வலிக்குது சார்" என்றார். சொன்னதற்காக உடனே மன்னிப்பும் கேட்டார்.

பதினான்கு புள்ளி கொடுத்தார்கள்.

திரு. லாங்ஸ்டாஃப் மகிழ்ச்சியாக இருந்தார். "வாரியம் தவறைத் திருத்துவதோடு நிறுத்துவதில்லை, திருத்தியதைச் செயல்படுத்தவும் செய்கிறது. திரு. ஓம்ளரிடமிருந்து எடுத்த காரைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிடுகிறேன்." கணினியைப் பார்த்தார். "நல்லவேளை. அந்தக் கார் இன்னும் விலக்கு வகையிலேயே இருக்கிறது. அதாவது ஏட்டின்படி அது திட்டத்தை விட்டுப் போகவே இல்லை. கீழே நிற்கிறது என்றும் தெரிகிறது."

"அது நான் வாங்கின கார்" என்றாள் அம்மா.

"விலக்கு வகைக் காரை மாற்றுத்திறனாளி மட்டுமே வைத்திருக்க முடியும், திருமதி ஸ்டாதர்ஸ். நீங்கள் சற்று முன்தான் நடக்கத் தகுதியானவர் ஆகிவிட்டீர்கள். கொடுத்த பணம் நாற்பது வேலை நாளில் வந்துவிடும்."

கோலின் தடியை ஊன்றி எழப் பார்த்தார். "வேண்டாம் சார், அவங்களே வெச்சுக்கட்டும்."

"முடியாது. உத்தரவாகிவிட்டது." திரு. லாங்ஸ்டாஃப் அம்மாவின் காகிதத்தை எடுத்து முன்னால் வைத்தார். முத்திரையை மையில் ஒற்றித் தூக்கிப் பிடித்தார். "குத்துவதற்கு முன் விதிப்படி கேட்க வேண்டும். இந்த முடிவில் தங்களுக்குக் குறை ஏதாவது உண்டா?"

அம்மா முத்திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவளுக்குள் அந்த நேரம் ஒரு முந்நூறு புள்ளிக்காவது சரக்கு இருந்திருக்கும்.

"குறை சொல்றதுக்கில்ல" என்றாள்.

குத்தினார்.

வீட்டுக்கு பஸ்ஸில் வந்தோம். வழியில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கி, மேலே காரப்பொடி தூவித் தின்றோம். சனிக்கிழமை தபாலில் பதிவுப் புத்தகம் வந்தது. முழுதாக, அம்மா பேரில். அம்மா அதை ஆடும் மேசைக் காலுக்கு அடியில் வைத்தாள். ட்ரேசிக்கு என்ன சொல்வதென்று ஞாயிறு முழுக்க எழுதி எழுதிக் கிழித்தாள்.

திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு வாசலில் ஹாரன் கேட்டது. ஒரே ஒரு தடவை, அதுவும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காத அளவு. கோலின் கண்ணாடியை இறக்கினார். டை கட்டியிருந்தார்.

"எனக்கு அஞ்சு மணிக்கே முழிப்பு வந்துடும் டெனீஸ். வண்டியும் சும்மாதான் நிக்குது. எங்க போகணும்?"

"பதினோரு வீடு கோலின்."

"போலாம். வழியில கல்லறைத் தோட்டத்துல அஞ்சு நிமிஷம் நிறுத்துவேன். அவ்வளவுதான்."

அவர் ஓட்டுகிறார், அம்மா இறங்கி நடக்கிறாள். வண்டி இருக்கிறதா என்று கேட்ட ட்ரேசியிடம் இருக்கிறது என்று சொல்லியாயிற்று. யாருடையது என்று அவள் படிவத்தில் கேள்வி இல்லை.

நான்காவது வாரம் ஜன்னல் வைத்த உறை ஒன்று கோலினுக்கு வந்தது. அவர் அதை அம்மாவிடம் கொடுக்க, அம்மா என்னிடம் கொடுத்தாள். தினமும் காலை ஆறரை மணி முதல் அவர் பதினொரு வீடுகளுக்குச் சென்று வருவதாகத் தகவல் வந்திருக்கிறதாம். நடக்க இயலாதவருக்கு இது எப்படிச் சாத்தியம் என்று பதினான்கு நாளுக்குள் விளக்க வேண்டும். கேள்வி ஒன்று: கடந்த மாதம் மொத்தம் எவ்வளவு தூரம் நடந்தீர்கள்? கேள்வி இரண்டு: தாங்கள் நடக்கவில்லையெனில், நடந்தவர் யார்?

முதல் கேள்விக்கு, வீட்டிலிருந்து காருக்கும் காரிலிருந்து கல்லறைக்கும் போன அடிகளை கோலின் கூட்டிச் சொன்னார். வலித்தது என்பதையும் அவராகவே சேர்க்கச் சொன்னார். இரண்டாவது கேள்விக்கு நான் எழுதினேன்: "டெனீஸ் ஸ்டாதர்ஸ். இவர் நடக்கத் தகுதியானவர். தங்கள் முத்திரையின் நகல் இணைக்கப்பட்டுள்ளது."